மழை பெய்தாலும் போகிறது, மணியடித்தாலும் போகிறது

கேள்வி: தம்பி, வெள்ளவத்தையில் கடல் பக்கத்து ஒழுங்கை ஒன்றில், அப்பா கட்டிய பழைய வீட்டில் அம்மாவும் நானும் இருக்கிறோம். நான் ஓய்வுபெற்ற கணித ஆசிரியை. கிழமையில் மூன்று நாள் மாலை 6 மணிக்கு ஓ/எல் பிள்ளைகளுக்கு சூமில் வகுப்பு எடுக்கிறேன். போன் லைனில் வரும் இணைய இணைப்புத்தான். கீழே ஹோலில் ஒரு போன், மேலே என் அறையில் இன்னொன்று, அதன் பக்கத்திலேயே ரவுட்டர். போன் அடித்தால் நெட் விழுந்துவிடுகிறது. மழை பெய்தால் நாள் முழுக்க வந்து வந்து போகிறது. மழையில்லாத நாளிலும் வகுப்புத் தொடங்குகிற நேரம் பார்த்து நிற்கிறது. கம்பனியில் இருந்து இரண்டு தரம் வந்தார்கள். ரிசீவரைத் தூக்கிக் காதில் வைத்து, “லைன் நல்லா இருக்கு” என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ரவுட்டரும் இரண்டு தரம் மாற்றியாயிற்று. இப்போது மருமகன் இன்னும் விலை கூடினது ஒன்று வாங்கச் சொல்கிறார். வாங்கட்டுமா, அல்லது ஃபைபருக்கு மாறட்டுமா? அம்மாவுக்கு 82 வயது. அவவுக்கு இந்தப் போனைத் தவிர வேறெதிலும் கதைக்கத் தெரியாது.

வெள்ளவத்தை வாசகி

பதில்:

அன்புள்ள டீச்சர்,

மூன்றாவது ரவுட்டரை வாங்கவேண்டாம். இரண்டு மாற்றியும் அதே நோய் அப்படியே இருக்கிறதென்றால் நோய் ரவுட்டரில் இல்லை. 22 வருடங்களாகக் கொழும்பில் போன் லைன் வேலை செய்கிறேன். உங்கள் கடிதத்திலேயே பாதி விடை இருக்கிறது. போன் அடிக்கும்போது, மழை பெய்யும்போது, பொழுதுபடும்போது என்று நேரத்தைப் பிரித்து எழுதியிருக்கிறீர்கள். அநேகமானவர்கள் “நெட் சரியில்லை” என்பதோடு நிறுத்திவிடுவார்கள். இவை மூன்றும் மூன்று வெவ்வேறு கோளாறுகளாக இருக்கலாம். ஒரே பழைய வயர் மூன்று விதமாக முகம் காட்டுவதாகவும் இருக்கலாம். எது என்று பெரிய செலவில்லாமல் நீங்களே கண்டுபிடிக்கலாம்.

முதலில், வந்தவர் “லைன் நல்லா இருக்கு” என்று சொன்னது பற்றி. அவர் பொய் சொல்லவில்லை. அவருடைய காதுக்கு லைன் நன்றாகத்தான் இருந்திருக்கும். நாம் கதைக்கும் குரலுக்கு போன் லைனில் ஒதுக்கிய இடம் 300 முதல் 3,400 ஹேர்ட்ஸ் வரைதான். இணையம் அதே இரண்டு செம்புக் கம்பிகளில் அதற்கு மேலே போகிறது. ஏடிஎஸ்எல் (போன் லைனிலேயே இணையம் தரும் முறை) என்றால் ஏறத்தாழ 25 கிலோஹேர்ட்ஸில் தொடங்கி 1.1 மெகாஹேர்ட்ஸ் வரை, அதன் வேகம் கூடிய வகையான ஏடிஎஸ்எல்2பிளஸ் என்றால் 2.2 மெகாஹேர்ட்ஸ் வரை. மனிதக் காது அவ்வளவு உயரத்தில் எதையும் கேட்காது. அதனால் ரிசீவரில் குரல் மணி மாதிரிக் கேட்கும் லைனில் இணையம் மூச்சுத்திணறிக்கொண்டிருப்பது சாதாரணம்.

அந்த அகலமான இடத்தை ரவுட்டர் சிறுசிறு துண்டுகளாகப் பிரித்துக்கொள்கிறது. ஏடிஎஸ்எல்2பிளஸில் 512 துண்டுகள். ஒவ்வொரு துண்டிலும் எவ்வளவு இரைச்சல் இருக்கிறது என்று அளந்து, இதில் இவ்வளவு ஏற்றலாம், அதில் அவ்வளவு ஏற்றலாம் என்று மறுமுனையில் இருக்கும் கருவியுடன் ஒரு உடன்பாட்டுக்கு வருகிறது. ரவுட்டரைப் போட்டவுடன் டிஎஸ்எல் லைட் கொஞ்ச நேரம் சிமிட்டிவிட்டு நிலையாக எரிகிறதே, அந்தச் சிமிட்டல்தான் இந்தப் பேச்சுவார்த்தை. பிறகு எங்காவது இரைச்சல் திடீரென்று கூடினால் உடன்பாடு முறிந்துவிடும். மறுபடி முதலில் இருந்து பேச வேண்டும். வகுப்பின் நடுவில் உங்கள் முகம் உறைந்துபோய், பிள்ளைகள் “டீச்சர் கேட்குதில்லை” என்று கூப்பிடுகிற அந்த ஒரு நிமிடம் இதில்தான் போகிறது.

சரி, இனி வேலையைத் தொடங்குவோம். முதலில் ஒரு பழைய கொப்பியை எடுத்து ரவுட்டர் பக்கத்தில் வையுங்கள். நெட் நிற்கும் ஒவ்வொரு தரமும் நேரத்தை எழுதுங்கள். அந்த நேரம் டிஎஸ்எல் லைட் சிமிட்டியதா, நிலையாக எரிந்ததா, போன் அடித்ததா, மழையா, வீட்டில் எந்த லைட், எந்த மோட்டார் அப்போது போட்டீர்கள் என்பதையும் எழுதுங்கள். ஐந்து நாள் போதும். கணித ஆசிரியைக்கு இதை விளக்க வேண்டியதில்லை, ஆனால் என்னிடம் வருகிறவர்களில் பத்தில் ஒருவர்கூட இதைச் செய்வதில்லை. செய்தவர்களின் வீட்டில் எனக்கு வேலை அரை மணித்தியாலத்தில் முடிந்திருக்கிறது.

லைட்டைக் கவனிக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. டிஎஸ்எல் லைட் நிலையாக எரிந்துகொண்டிருக்க உங்கள் கணினியில் மட்டும் நெட் இல்லையென்றால், அது லைன் கோளாறாக இருக்காது. அநேகமாக வைஃபை. வெள்ளவத்தையில் சுற்றிவர மாடிக்கு மாடி ஆட்கள், ஆளுக்கொரு வைஃபை, எல்லோரும் மாலையில் வீட்டில். 2.4 கிகாஹேர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சனல்கள் 1, 6, 11 என்று மூன்றுதான். இந்தச் சந்தேகத்தைத் தீர்க்க, வகுப்பு எடுக்கும் கணினியை ஒரு லேன் கேபிளால் ரவுட்டரில் நேரடியாகச் செருகுங்கள். அப்படியும் மாலையில் விழுந்தால் வைஃபையை மறந்துவிடலாம்.

அதோடு ரவுட்டருக்குள்ளே இருக்கும் பக்கத்தையும் ஒருக்கா திறந்து பாருங்கள். கணினியில் இணையத்தளம் பார்க்கும் இடத்தில் 192.168.1.1 என்று அடித்தால் பெரும்பாலான ரவுட்டர்களில் அது வரும். பயனர் பெயரும் கடவுச்சொல்லும் அடியில் ஒட்டியிருக்கும். அதில் டிஎஸ்எல் நிலை என்ற இடத்தில் எஸ்என்ஆர் மார்ஜின் என்று ஒரு எண் டெசிபெலில் இருக்கும். இரைச்சலுக்கு மேலே உங்கள் லைனுக்கு எவ்வளவு இடைவெளி மிச்சம் இருக்கிறது என்பதுதான் அது. 10க்கு மேல் என்றால் நிம்மதி. 6க்குக் கீழே வந்தால் எந்த நேரமும் விழும். பக்கத்திலேயே அட்டெனுவேஷன் என்று இன்னொரு எண் இருக்கும். அது தூரத்தைச் சொல்லும், ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 14 டெசிபெல் என்று கணக்குப் போடுங்கள். தூரம் நாளுக்கு நாள் மாறாது. ஆகவே அட்டெனுவேஷன் அசையாமல் நிற்க மார்ஜின் மட்டும் ஏறி இறங்கினால், எங்கிருந்தோ இரைச்சல் வருகிறது. மழை நாளில் இரண்டுமே கெட்டுப்போனால் எங்கோ வயரில் தண்ணீர். காலையில், மாலை 6 மணிக்கு, மழையில் என்று இந்த இரண்டு எண்களையும் கொப்பியில் குறித்துவையுங்கள்.

இப்போது முக்கியமான சோதனைக்கு வருவோம். தெருக் கம்பத்தில் இருந்து வரும் வயர் உங்கள் வீட்டுக்குள் முதலில் எந்தப் பெட்டியில் வந்து விழுகிறது என்று பாருங்கள். பழைய வீடுகளில் அது முன் விறாந்தைச் சுவரிலோ, ஹோலில் கதவு நிலைக்கு மேலேயோ இருக்கும். ஞாயிற்றுக்கிழமை மாதிரி வகுப்பில்லாத ஒரு நாளில், அந்தப் பெட்டியில் இருந்து மேலே போகிற வயரையும் மற்ற எல்லாக் கிளை வயர்களையும் கழற்றிவிடுங்கள். எது எங்கே இருந்தது என்று கழற்றமுன் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். ரவுட்டரைக் கீழே கொண்டுவந்து, அதனுடன் வந்த சின்ன வயரால் அந்த முதல் பெட்டியில் தனியாகச் செருகுங்கள். போன் ஒன்றும் வேண்டாம், போனுக்கும் ரவுட்டருக்கும் லைனைப் பிரித்துக்கொடுக்கும் ஸ்பிளிட்டர் என்ற சின்னப் பெட்டியும் வேண்டாம். தெருவில் இருந்து வரும் லைனும் ரவுட்டரும் மட்டும். அன்று முழுக்க, இரவும் சேர்த்து, அப்படியே விட்டுவிட்டு எண்களைக் குறியுங்கள்.

மார்ஜின் நன்றாக ஏறி, நெட் விழாமல் இருந்தால் கோளாறு உங்கள் வீட்டுக்குள். அப்படியே விழுந்துகொண்டிருந்தால் கோளாறு தெருப் பக்கம். இந்த ஒரு சோதனை உலகத்தைப் பாதியாக வெட்டிவிடும். இதைச் செய்யாமல் ரவுட்டர், ஸ்பிளிட்டர், வயர் என்று ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டிருப்பவர்களைப் பார்க்க எனக்கு உண்மையில் மனவருத்தமாக இருக்கிறது, எத்தனையோ பேர் சம்பளக் காசை அப்படித்தான் கொட்டியிருக்கிறார்கள்.

கழற்றுவதற்கு முன், ஒரு கவனம். லைனில் எப்போதும் 48 வோல்ட் நேரோட்ட மின்சாரம் இருக்கும், அது ஆளை ஒன்றும் செய்யாது. ஆனால் நீங்கள் கம்பியைப் பிடித்திருக்கும் நேரம் யாராவது கோல் எடுத்தால், மணியடிக்க வரும் மின்சாரம் 75 முதல் 90 வோல்ட் வரை இருக்கும். சுரீர் என்று அடிக்கும், ஏணியில் நின்றால் விழுத்திவிடும். உங்கள் வயதில் ஏணி ஏறவேண்டாம், மருமகனைப் பிடித்துக்கொள்ளுங்கள். இடி மின்னல் நேரத்தில் யாருமே தொடக்கூடாது. ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரம் வானம் கறுத்தால், ரவுட்டரின் கரண்ட் பிளக்கை மட்டுமல்ல, போன் வயரையும் சேர்த்துக் கழற்றிவிடுங்கள். நான் பார்த்த எரிந்த ரவுட்டர்களில் பாதிக்கு மேல் மின்னல் போன் வயர் வழியாக வந்ததுதான்.

பெட்டியைத் திறந்தால் என்ன இருக்கும் என்பதை எனக்கு இங்கிருந்தே ஊகிக்க முடிகிறது, ஏனென்றால் உங்கள் வீடு கடல் பக்கம். சில வருடங்களுக்கு முன் பம்பலப்பிட்டியில், மரைன் டிரைவில் இருந்து நாலு வீடு தள்ளி, ஒரு வீட்டுக்குப் போனேன். அலுமாரிக்குப் பின்னால் பெட்டி. மூடியைக் கழற்றினேன். வெள்ளையாக மூன்று பல்லி முட்டைக் கோது, எறும்பு கொண்டுவந்து சேர்த்த மண், அதற்கு நடுவே இரண்டு ஸ்குரூ. ஸ்குரூவைச் சுற்றியிருந்த செம்புக் கம்பி செம்பு நிறத்திலேயே இல்லை. பச்சை, பாசி மாதிரி. விரலால் தொட்டதும் பொடியாக உதிர்ந்தது. ஒரு கம்பி ஸ்குரூவில் முறுக்கியிருந்த இடத்தில் மயிரளவில் தொங்கிக்கொண்டிருந்தது. அந்த வீட்டிலும் மூன்று ரவுட்டர் வாங்கி வைத்திருந்தார்கள். பச்சை பிடித்த துண்டை வெட்டி எறிந்து, பளபளக்கும் புதுச் செம்பு தெரியும்வரை உறையை உரித்து, புதுப் பெட்டியில் இறுக்கினேன். மார்ஜின் 4ல் இருந்து 11க்கு ஏறியது.

அந்தப் பச்சைதான் கடற்காற்றின் உப்பு செம்பில் செய்கிற வேலை. இரண்டு கம்பியில் ஒன்றில் மட்டும் அது தடையைக் கூட்டும்போது ஜோடியின் சமநிலை குலைகிறது. போன் கம்பிகளை ஒன்றையொன்று சுற்றி முறுக்கியிருப்பதே வெளி இரைச்சல் இரண்டிலும் ஒரே அளவில் விழுந்து ஒன்றையொன்று அடித்துப்போக வேண்டும் என்பதற்காகத்தான். கிரகாம் பெல் 1881இல் காப்புரிமை எடுத்த உத்தி அது, இன்றைக்கும் அதை விட்டால் வேறு வழியில்லை. ஒரு கம்பியில் மட்டும் பச்சை பிடித்தால் அந்த உத்தி செத்துவிடும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு அழகான வழி உண்டு. நெட் தடுமாறிக்கொண்டிருக்கும் நேரத்தில் கீழே போனைத் தூக்கி யாருடனாவது கதையுங்கள். கதைக்கும்போது நெட் திருந்திவிட்டால், பச்சை பிடித்த இணைப்பு எங்கோ இருக்கிறது என்று கிட்டத்தட்ட நிச்சயமாகச் சொல்லலாம். ரிசீவரைத் தூக்கியவுடன் லைனில் 20, 40 மில்லிஅம்பியர் மின்னோட்டம் ஓடத் தொடங்கும். அது அந்தத் துருப்படலத்தைக் குத்தித் தற்காலிகமாக வழி ஏற்படுத்திக் கொடுக்கிறது. வைத்த கொஞ்ச நேரத்தில் மறுபடி மூடிக்கொள்ளும். காதாலும் பார்க்கலாம். ரிசீவரைத் தூக்கி ஏதாவது ஒரு இலக்கத்தை அழுத்துங்கள், டயல் சத்தம் நின்றுவிடும். அந்த அமைதியில் சில விநாடி கவனமாகக் கேளுங்கள். ஒன்றும் கேட்கக்கூடாது. எண்ணெயில் கடுகு வெடிக்கிற மாதிரிச் சத்தம் வந்தால் கெட்ட இணைப்பு. உம்ம்ம் என்ற இரைச்சல் என்றால் எங்கோ ஒரு கம்பி மண்ணோடு தொடர்புபட்டிருக்கிறது. வந்தவர் டயல் சத்தத்தோடு கேட்டிருப்பார், அதில் இது மறைந்துபோகும்.

அடுத்தது, உங்கள் வீட்டில் முன்பு குசினியிலோ பின் அறையிலோ ஒரு போன் இருந்ததா என்று அம்மாவிடம் கேட்டுப்பாருங்கள். போனை எடுத்துவிட்டிருப்பீர்கள், வயரை எடுத்திருக்க மாட்டீர்கள். பழைய வீடுகளில் அப்படி வாசல் நிலை மேலே, பெயின்ற் பூசி மறைந்து, எங்கும் போகாத வயர் ஒன்று கட்டாயம் இருக்கும். இது சும்மா கிடக்கிறது என்று நினைக்கிறோம், கிடக்கவில்லை. இணைய அலை அந்தக் கிளைக்குள்ளும் போய், முனையில் ஒன்றுமில்லாததால் மோதித் திரும்பி வந்து, நேராக வரும் அலையைக் கெடுக்கிறது. 25 மீட்டர் நீளக் கிளை ஒன்று 2 மெகாஹேர்ட்ஸுக்குப் பக்கத்தில் உள்ள துண்டுகளை விழுங்கிவிடும், நீளம் கூடினால் அந்தப் பாதிப்பு குறைந்த ஹேர்ட்ஸுக்கு இறங்கி, இன்னும் பெறுமதியான துண்டுகளில் விழும். அதுபோக, அந்த வயர் ஒரு நல்ல ஏரியல். தேவையில்லாத கிளை எல்லாவற்றையும் முதல் பெட்டியிலேயே வெட்டிவிடுங்கள். மறுமுனையில் வெட்டிப் பயனில்லை, தொடங்குகிற இடத்தில்தான் வெட்ட வேண்டும்.

போன் அடித்தால் நெட் விழுவது ஸ்பிளிட்டர், ஃபில்டர் பக்கத்து வேலை. போனும் இணையமும் ஒன்றையொன்று குழப்பாமல் தடுக்க போனுக்கு முன்னால் மாட்டும் சின்னப் பொருள்தான் ஃபில்டர். மேலே ரவுட்டருக்குப் பக்கத்தில் ஒரு ஸ்பிளிட்டர் இருக்கும் என்று நினைக்கிறேன். கீழே ஹோலில் இருக்கும் போனுக்கு? அதற்கும் தனியாக ஒரு ஃபில்டர் வேண்டும், இல்லையென்றால் முதல் பெட்டியிலேயே ஒரு ஸ்பிளிட்டர் வைத்து எல்லாப் போனையும் அதன் போன் துளையில் இருந்து கொண்டுபோக வேண்டும். ஃபில்டர் இல்லாத போன் மணியடிக்கத் தொடங்கும்போதும், ரிசீவரைத் தூக்கும்போதும், வைக்கும்போதும் லைனில் ஒரு உதைப்பு எழும்பும். மார்ஜின் குறைவான லைன் அதைத் தாங்காது. அப்புறம், ஸ்பிளிட்டரில் மூன்று துளை இருக்கும், லைன் என்று எழுதியதில் சுவரில் இருந்து வருவதும், போன் என்றதில் போனும், மொடெம் அல்லது டிஎஸ்எல் என்றதில் ரவுட்டரும் போக வேண்டும். மாறிச் செருகியும் வேலை செய்கிற மாதிரி இருக்கும், அதுதான் ஆபத்து. மழைக்காலத்தில் ஸ்பிளிட்டரே செத்துப்போவதும் உண்டு, விலை அதிகமில்லை, புதிதாக ஒன்று வாங்கி மாற்றிப்பார்ப்பதில் நட்டமில்லை.

மழைக்கு நெட் போவது பெரும்பாலும் வீட்டுக்கு வெளியே. கம்பத்தில் இருந்து கூரைக்கு வரும் வயர் வருடக்கணக்காக வெயிலில் காய்ந்து உறை வெடித்திருக்கும். அணில் கடித்திருக்கும், மாமரக் கொப்பு உரசியிருக்கும். கம்பத்துப் பெட்டிக்குள் தண்ணீர் போயிருக்கும். நடுவில் எங்காவது யாரோ வெறுங்கையால் முறுக்கிக் கறுப்பு டேப் சுற்றிய மூட்டு ஒன்று இருக்கும். அந்த டேப் ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது, உள்ளே கிரீஸ் நிரப்பிய சின்ன பிளாஸ்டிக் இணைப்பியால்தான் மூட்ட வேண்டும். இவற்றில் நீங்களோ மருமகனோ கைவைக்க வேண்டாம். தரையில் நின்றபடி வயர் ஓடும் பாதையைப் பார்த்து, சந்தேகமான இடத்தைப் படம் எடுத்துவையுங்கள். ஒன்றை மட்டும் உங்கள் பக்கத்தில் பார்க்கலாம். வயர் சுவருக்குள் நுழையும் இடத்துக்கு முன் கீழே தொங்கி ஒரு வளைவு இருக்கிறதா என்று பாருங்கள். வளைவில்லாமல் நேராகச் சரிந்து வந்தால் மழைத்தண்ணீர் வயரைப் பிடித்துக்கொண்டு நேரே பெட்டிக்குள் இறங்கும்.

கம்பனிக்கு அறிவிக்கும்போது “நெட் இல்லை” என்று சொல்லாதீர்கள். அப்படிச் சொன்னால் ரவுட்டரை ஓஃப் பண்ணி ஒன் பண்ணச் சொல்வார்கள். இப்படிச் சொல்லுங்கள்: “வீட்டு வயர் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு முதல் பெட்டியில் ரவுட்டரை மட்டும் போட்டுப் பார்த்தோம். மழையில்லாத நேரம் மார்ஜின் இவ்வளவு, மழை நேரம் இவ்வளவு. இத்தனை மணிக்கு இத்தனை தரம் விழுந்தது. டயல் சத்தம் இல்லாத நேரம் லைனில் வெடிப்புச் சத்தம் கேட்கிறது.” இந்த நாலு வசனத்தைக் கேட்டால் எதிர்முனையில் இருப்பவர் ரவுட்டர் பேச்சை விட்டுவிட்டு லைன் ஆளை அனுப்புவார். முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு எழுதுங்கள். முடிந்தால் மழை பெய்துகொண்டிருக்கும்போதே அழையுங்கள், தூரத்தில் இருந்து லைனைச் சோதிக்கும்போது கோளாறு அப்போதுதான் தெரியும். வெயில் நாளில் வருகிறவருக்குக் காய்ந்த வயர்தான் தெரியும். திரும்பத் திரும்ப முறையிட்டும் ஒன்றும் நடக்காவிட்டால், அந்த இலக்கங்களோடு தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்கு எழுதலாம். கொப்பி அப்போதும் கைகொடுக்கும்.

இனி, பொழுதுபடும் நேரத்துக் கோளாறு. இதற்கு இரண்டு காரணம் இருக்கலாம், இரண்டும் மாலை 6 மணியோடு சேர்ந்தவை. ஒன்று மத்திய அலை வானொலி. அதன் இடம் 531 முதல் 1,602 கிலோஹேர்ட்ஸ், அதாவது உங்கள் இணையம் ஓடும் இடத்தின் நடுவிலேயே. பகலில் தூரத்து நிலையங்கள் எட்டாது. சூரியன் மறைந்ததும் வானத்தின் மேலடுக்கில் பட்டுத் திரும்பி நூற்றுக்கணக்கான மைல் தாண்டி வரும். பழைய ரேடியோவில் இரவானால் இந்திய நிலையங்கள் தெளிவாகக் கேட்கத் தொடங்கியது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். கொழும்பில் வருடம் முழுக்க ஏறத்தாழ ஆறு, ஆறரைக்குள் பொழுது சாய்கிறது. வயர் ஜோடி சமநிலையோடு இருந்தால் இது பெரிதாகத் தெரியாது. பச்சை பிடித்த வயரும் முறுக்கில்லாத தட்டை வயரும்தான் வானொலியை உள்ளே இழுக்கும். முதல் பெட்டியையும் கிளைகளையும் சரிசெய்தால் இது தானாகக் குறையும்.

மற்றக் காரணம் வீட்டுக்குள் இருக்கலாம். கொட்டாஞ்சேனையில் ஒரு வீடு. தினமும் ஆறே காலுக்கு நெட் விழும், எட்டு மணிக்குத் திரும்பிவிடும், வெள்ளிக்கிழமையில் இன்னும் நேரம் எடுக்கும். மூன்று நாள் போய் ஒன்றும் பிடிபடவில்லை. நாலாம் நாள் மாலை ஒரு பழைய ட்ரான்சிஸ்டர் ரேடியோவைக் கொண்டுபோனேன். மத்திய அலையில், எந்த நிலையமும் இல்லாத ஒரு இடத்தில் முள்ளை வைத்து, சத்தத்தைக் கூட்டிக்கொண்டு அறை அறையாக நடந்தேன். ஹோலில் மெல்லிய இரைச்சல். நடையில் கொஞ்சம் கூடியது. சாமியறை வாசலில் ரேடியோ தேனீக்கூடு மாதிரி இரைந்தது. உள்ளே பிள்ளையார் படத்தைச் சுற்றிச் சின்னச் சின்ன வர்ண பல்புகள், அதற்கு விலை குறைந்த ஒரு அடாப்டர். வீட்டு அம்மா விளக்கேற்றும்போது அதையும் போடுவார், பூசை முடிந்து சாப்பாட்டுக்குப் போகும்போது நிறுத்துவார். அந்தச் சுவரின் மறுபக்கத்தில்தான் போன் வயர். அடாப்டரைக் கழற்றினேன், ரேடியோ அமைதியானது, மேலே பிள்ளை “நெட் வந்திட்டுது” என்று கத்தினான். அந்த அம்மா பதறிப்போய்ப் படத்தைத் தொட்டுக் கும்பிட்டது இன்னும் கண்ணில் நிற்கிறது. வேறு நல்ல அடாப்டர் ஒன்றை வாங்கிக் கொடுத்தேன், பல்புகள் இப்போதும் எரிகின்றன.

உங்கள் வீட்டிலும் அம்மா 6 மணிக்கு என்ன போடுகிறார் என்று பாருங்கள். எல்ஈடி பல்பு, மீன் தொட்டி மோட்டார், போன் சார்ஜர், எது என்றாலும் சரி. வீட்டில் பழைய ரேடியோ இருந்தால் நான் செய்ததையே செய்யலாம். ஒவ்வொன்றாகக் கழற்றி, மார்ஜின் எந்தக் கழற்றலில் ஏறுகிறது என்று பார்த்தாலும் போதும்.

சோதனையில் கோளாறு வீட்டுக்குள் என்று வந்தால், பழைய வயரை ஒட்டுப்போட்டுக்கொண்டிருக்க வேண்டாம். ரவுட்டரை இனி மேலே கொண்டுபோகவே வேண்டாம். முதல் பெட்டிக்குப் பக்கத்தில், கீழேயே வைத்துவிட்டு, அங்கிருந்து உங்கள் அறைக்கு ஒரு லேன் கேபிள் இழுங்கள். லேன் கேபிள் 100 மீட்டர் வரை ஒன்றும் குறையாமல் போகும், உங்கள் வீட்டுக்கு 20 மீட்டர் போதும். அந்தக் காலத்துச் செங்கல் சுவர் 9 அங்குலம், வைஃபை அதைத் தாண்டி மேலே வரத் திணறும், கேபிளுக்கு அந்தப் பிரச்சினை இல்லை. அம்மாவின் போனும் கீழேயே அதே பெட்டியில் ஸ்பிளிட்டர் வழியாக இருக்கும். மேலே இரண்டாவது போன் உண்மையில் தேவையா என்று யோசியுங்கள். வேண்டாமென்றால் அந்தக் கிளையையும் எடுத்துவிடலாம்.

ஃபைபர் பற்றிக் கேட்டீர்கள். உங்கள் ஒழுங்கைக்கு வந்திருந்தால் மாறுவது நல்லதுதான், அதில் எனக்குத் தயக்கமில்லை. கண்ணாடி இழையில் ஒளி போகிறது. உப்பு அதை அரிக்காது, மழை நனைக்காது, வானொலி புகாது, மின்னல் அந்த வழியாக வராது. ஆனால் வீட்டு வைஃபை அப்படியேதான் இருக்கும், அதனால் லேன் கேபிள் அப்போதும் வேண்டும். பெரிய விஷயம் அம்மாவின் போன். செம்பு லைனில் போனுக்கான மின்சாரம் எக்ஸ்சேஞ்ச் பக்கத்து பற்றரியில் இருந்து லைன் வழியாகவே வருகிறது, அதனால் கரண்ட் போன இரவிலும் வயரில் இணைந்த சாதாரண போன் வேலை செய்யும். ஃபைபரில் வீட்டுக்குள் இருக்கும் கருவிக்கு வீட்டு மின்சாரம் வேண்டும். கரண்ட் போனால் போனும் போகும். நீங்கள் வெளியே போயிருக்கும் நேரத்தில் 82 வயதுப் பெண் தனியாக, இருட்டில், வேலை செய்யாத போனோடு இருப்பதை நான் விரும்பமாட்டேன். மாறுவதென்றால் அந்தக் கருவிக்கு ஒரு சின்ன பற்றரி பக்கப் சேர்த்தே வாங்குங்கள்.

இதெல்லாம் சரியாகும்வரை வகுப்பு நிற்கக்கூடாது. பதிவிறக்க வேகத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், வகுப்பு எடுக்கிறவருக்கு மேலே அனுப்பும் வேகம்தான் முக்கியம், ஏடிஎஸ்எல்லில் அது குறைவு. சூம் நிறுவனம் தரும் கணக்கில் குரலுக்கு மட்டும் 60 முதல் 80 கேபிபிஎஸ் (விநாடிக்குக் கிலோபிட்), வீடியோ இல்லாமல் திரையைக் காட்ட 50 முதல் 75 கேபிபிஎஸ். ஆகவே தொடக்கத்தில் பிள்ளைகளுக்கு முகத்தைக் காட்டிவிட்டு கமராவை நிறுத்துங்கள், கணக்கைத் திரையில் எழுதுங்கள். இழுபறியான லைனிலும் அது ஓடும். கைப்பேசியின் ஹொட்ஸ்பொட்டை வகுப்புக்கு முன்பே கணினியில் ஒருதரம் இணைத்துப் பழக்கிவையுங்கள், விழுந்தால் பத்து விநாடியில் மாறலாம். கோளாறு தெருப் பக்கம் என்று வந்து, திருத்த நாளாகும் என்றால், உங்கள் லைனின் வேகத்தைக் கொஞ்சம் குறைத்து நிலைப்படுத்தித் தரச் சொல்லிக் கேளுங்கள். கம்பனி தன் பக்கத்தில் இருந்தே அதைச் செய்யலாம். 12 எம்பிபிஎஸ் (விநாடிக்கு மெகாபிட்) வேகத்தில் ஓடி விழுவதைவிட 6 எம்பிபிஎஸ்ஸில் விழாமல் ஓடுவது உங்களுக்குப் போதும்.

ஐந்து நாள் குறித்த கொப்பியின் பக்கத்தைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள், முதல் பெட்டியின் உட்பக்கத்துப் படமும் வேண்டும். ஃபில்டர் மாட்டிய அன்று உங்கள் கைப்பேசியில் இருந்து வீட்டுக்கு ஒரு கோல் எடுத்து, கீழே மணி பழைய மாதிரிச் சத்தமாக அடிக்கிறதா என்று அம்மாவிடம் கேளுங்கள். சில மலிவான ஃபில்டர்கள் மணியைச் சோரவைத்துவிடும், அப்படியென்றால் அதை மாற்ற வேண்டும்.